கல் இல்லாத கரையில் ஒரு கற்சில்லு

இராமநாதபுரம் கடற்கரையில் வீடு கட்டியவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். இங்கே மணலுக்குப் பஞ்சமில்லை, கல்லுக்குத்தான் பஞ்சம். அஸ்திவாரத்துக்குக் கருங்கல் வேண்டுமென்றால் மேற்கே இருந்து லாரி வரவேண்டும். வைகையும் குண்டாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடல் ஒதுக்கிய மணல், மண்டபம் இராமேசுவரம் பக்கம் பழைய பவளப்பாறை, சுண்ணாம்பு ஏறி இறுகிய மணற்கல். கரையோர நிலத்தைத் தோண்டினால் பெரும்பாலும் இவைதான் வரும். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஆன கல்கூட வெளியூரிலிருந்து வந்ததுதான்.

இந்த மண்ணில் கற்கருவி தேடிப் பழக வருகிறவருக்கு இது ஒரு பெரிய வசதி. மலையடிவாரத்தில் தேடுகிறவர் ஆயிரம் கற்களுக்கு நடுவே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இங்கே வெறும் செம்மணலில் நகத்தின் அளவுக்கு ஒரு கல் கிடந்தாலே கேள்வி பிறந்துவிடுகிறது: இது எப்படி இங்கே வந்தது? ஆறு உருட்டி வந்திருந்தால் கூழாங்கல்லாக உருண்டிருக்கும். கடல் ஒதுக்கியிருந்தால் ஓரங்கள் மழுங்கியிருக்கும். ஓரம் கூராக, முகம் வழவழப்பாக, கரையிலிருந்து தள்ளி மேட்டில் கிடக்கிறது என்றால், ஒரு கை அதைக் கொண்டுவந்திருக்கிறது. அந்தக் கை யாருடையது, எந்தக் காலத்தது என்பதைத்தான் மெல்ல மெல்லப் படித்தறிய வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் இந்தக் கரையில் நடந்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் எனக்குத் தெரியாமல் இருந்தவற்றை, இன்று புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே வாசிப்பில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

கல் எப்படி உடைகிறது

எல்லாவற்றுக்கும் முன்னால் கல் உடையும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கருப்பட்டியை எடுத்து ஒரு கல்லால் தட்டுங்கள். பொலபொலவென்று நொறுங்கும். உடைந்த முகம் சொரசொரவென்று, மணிமணியாக இருக்கும். அடுத்து, கடலை மிட்டாய்க்குக் காய்ச்சிய பாகு முற்றிப்போய்த் தட்டில் இறுகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி போலத் தெறிக்கும். துண்டின் முகம் பளபளக்கும், ஓரம் நாக்கைக் கீறிவிடும். இரண்டும் இனிப்புதான். உள்ளே இருக்கும் மணிகளின் அளவில்தான் வேறுபாடு.

கற்களும் அப்படியே. கருங்கல்லும் மணற்கல்லும் கருப்பட்டி இனம். அவற்றில் ஓடும் விரிசல் ஒவ்வொரு மணியையும் சுற்றி வளைந்து போகும், ஆகவே கூரான ஓரம் எளிதில் வராது. செர்ட், ஜாஸ்பர், அகேட், சக்கிமுக்கிக்கல் எல்லாம் பாகு இனம். அவற்றின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. அதனால் விரிசலுக்குத் தடையில்லை, அடி செலுத்திய திசையிலேயே நேராக ஓடும். அடிக்கிற இடம், கோணம், வேகம் மூன்றும் கையில் இருந்தால் என்ன வடிவில் சில்லு பெயர வேண்டும் என்பதும் கையில் இருக்கிறது. பழங்கால மனிதர்கள் இந்தக் கற்களைத் தேடித் தேடிப் போனதன் காரணம் இதுதான்.

இந்த உடைவு மூன்று அடையாளங்களை விட்டுச்செல்கிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் சிறு கல் பட்டுத் தெறித்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பட்ட பக்கம் ஒரு புள்ளி, உட்பக்கம் அகன்ற வட்டம். அடியின் விசை கண்ணாடிக்குள் புனல் வடிவில் விரிந்திருக்கிறது. கல்லிலும் அதே கதை. கல்லின் விளிம்புக்கு அருகே அடித்தால் அந்தப் புனலில் பாதி, பெயர்ந்த சில்லோடு வந்துவிடும். சில்லின் உள்முகத்தில், அடிபட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மென்மையான புடைப்பாக அது தெரியும். ஊருணிக் கரையோரம் ஒரு கல்லைப் போட்டால் அலைகள் அரைவட்டமாக விரிகின்றன அல்லவா? அதேபோல் அந்தப் புடைப்பிலிருந்து அரைவட்ட அலைவரிகள் சில்லின் மறுமுனை வரை போகும். அவற்றின் மையத்தைத் தேடிப் போனால் அடிபட்ட புள்ளியில் கொண்டுபோய் விடும். மூன்றாவது, அடி விழுந்த சிறு தட்டைப் பரப்பு. மூலக்கல்லின் மேற்பரப்பில் ஒரு துளி, சில்லோடு சேர்ந்து வந்த இடம் அது.

ஆக, அடிவாங்கிய தட்டை, அதன் கீழே புடைப்பு, அதிலிருந்து அலைவரி. இவை மூன்றும் ஒரே துண்டில் ஒழுங்காக அமைந்திருந்தால் அது அடித்துப் பெயர்த்த சில்லு.

இதைப் பழக ஒரு நல்ல வழி இருக்கிறது. நம் கரையில் உடைந்த பாட்டில்களுக்குக் குறைவில்லை. தடித்த அடிப்பாகத்தின் துண்டுகளைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்து, காலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புடைப்பும் அலைவரியும் அச்சடித்ததுபோல் இருக்கும். இதற்காகப் புதிதாக எதையும் உடைக்க வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. ஏற்கெனவே கிடப்பதே போதும். இருபது துண்டுகள் பார்த்தபின் விரல்நுனிக்கே அந்தப் புடைப்பு பழகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு சில்லு

ஒரு துண்டை எடுத்து முழுவதுமாகப் படித்துக் காட்டுகிறேன். மாவட்டத்தின் தென்மேற்குப் பக்கம், கடலுக்கு இரண்டு மைல் தொலைவில், ஒடைமரங்களும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த ஒரு செம்மணல் மேட்டில் கிடந்தது. இடத்தின் பெயரை எழுதமாட்டேன். பெயர் பரவிய மேடுகளில் ஒரே ஆண்டில் தரை வழித்தெடுத்ததுபோல் ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீளம் 24 மில்லிமீட்டர், அகலம் 15. நிறம் பால் விடாத காப்பி. ஒரு முனை சற்றுத் தடிமன், அந்த முனையில் ஒரு நொய்யரிசி அளவுக்குத் தட்டையான பரப்பு. அங்கேதான் அடி. உள்முகத்தைத் திருப்பினேன். தட்டைக்குக் கீழே ஒரு குழந்தையின் விரல்நுனிச் சதைபோல் மெல்லிய புடைப்பு. அந்தப் புடைப்பின் மேலேயே ஒரு சின்னப் பள்ளம், நெத்திலிச் செதில் ஒன்று உதிர்ந்ததுபோல். அடியின் அதிர்ச்சியில் தானாகத் தெறிக்கும் துணுக்கு விட்ட தழும்பு அது. எல்லாச் சில்லுகளிலும் இருக்காது, இருந்தால் நல்ல சாட்சி. பிறகு மூன்று அலைவரிகள், விரல் நகத்தால் வருடினால் மட்டும் உணரக்கூடியவை.

வெளிமுகம் வேறு கதை சொன்னது. நெடுக்கில் இரண்டு பள்ளங்கள், நடுவே ஒரு வரப்பு. இரண்டு பள்ளங்களும் அதே அடிமுனையிலிருந்து தொடங்குகின்றன. இந்தச் சில்லைப் பெயர்ப்பதற்கு முன் அதே பக்கத்திலிருந்து வேறு இரண்டு சில்லுகளைப் பெயர்த்திருக்கிறார்கள். வலது மூலையில் மங்கலான, சுண்ணாம்பு படிந்ததுபோன்ற தோல். மூலக்கல்லின் பழைய மேல்தோல் மிச்சம். ஆக, யாரோ ஒருவர் தோலுரிக்காத ஒரு சிறு செர்ட் கல்லை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்து, இங்கேயே உட்கார்ந்து, ஒரே பக்கமாகப் பிடித்து, குறைந்தது மூன்று முறை அடித்திருக்கிறார். மூன்றாவது அடியில் வந்தது என் உள்ளங்கையில் இருந்தது.

ஓரத்தில் எந்தச் செதுக்கு வேலையும் இல்லை. அது கருவி இல்லை, செய்தபோது விழுந்த கழிவு. எனக்கு அதில் குறையில்லை. கருவியை எடுத்துக்கொண்டு எங்கும் போகலாம். கழிவு உட்கார்ந்த இடத்திலேயே விழும். தச்சர் செய்த கட்டில் எந்த ஊருக்கும் போகும், இழைப்புளிச் சுருள் பட்டறையில்தான் கிடக்கும். பட்டறையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சுருளைத்தான் தேட வேண்டும். புதியவர்கள் கருவியைத் தேடிக் கழிவை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

வெங்கச்சங்கல்லின் பிடிவாதம்

மேலே சொன்னதெல்லாம் செர்ட் போன்ற நல்ல கல்லுக்கு. தென் தமிழகத்தின் சிறு கற்கருவிகளில் பெரும்பங்கு வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ். இந்தக் கல் புத்தகத்தில் படித்த அடையாளங்களை அவ்வளவு எளிதில் காட்டாது. பிறவியிலேயே அதற்குள் விரிசல்கள் உண்டு. அடித்தால் பாதி தூரம் ஒழுங்காக ஓடும் விரிசல், பழைய விரிசல் ஒன்றைச் சந்தித்ததும் திசை மாறிவிடும். புடைப்பு இருக்காது, அல்லது தட்டையாகிப்போயிருக்கும். அலைவரி அரிது.

போதாததற்கு, சின்ன வெங்கச்சங்கல்லைக் கையில் பிடித்து அடிக்க முடியாது. கொட்டைப்பாக்கை அம்மியில் நிறுத்திக் குழவியால் தட்டுவார்களே, அந்த முறையில்தான் உடைத்திருக்கிறார்கள். கீழே ஒரு கல், மேலே ஒரு கல், நடுவே இது. அப்படி உடைத்த துண்டின் இரண்டு முனைகளும் நசுங்கியிருக்கும். மேல்முனையில் பொடிப்பொடியான வெண்மை, எதிர்முனையிலும் அதேபோல். வெங்கச்சங்கல்லில் முதலில் தேட வேண்டியது இந்த இருமுனை நசுங்கலை. பிறகு துண்டை வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். மெல்லிய ஓரத்தில் ஒளி ஊடுருவும்போது, மங்கிய வெளிச்சத்தில் தெரியாத சிறு தழும்புகள் வரிசையாக எழுந்து வரும்.

தனியாகக் கிடக்கும் ஒரு வெங்கச்சங்கல் துண்டைக் கண்டு எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே அறை அளவு இடத்தில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள், இரண்டு மூன்று நிறக் கல், அவற்றில் ஓரிரண்டில் தெளிவான அடையாளம். அப்போது மட்டுமே அது பேசத் தொடங்குகிறது.

ஏமாற்றும் கற்கள்

என்னை முதலில் ஏமாற்றியது ஜல்லி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே, மணலில் கருநீலமாக ஒரு துண்டு. தட்டை இருந்தது, புடைப்பு இருந்தது, ஓரம் கூர்மை. மூன்று நாட்கள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே இடத்துக்குப் போய் நிதானமாகத் தேடியபோது அதே நிறத்தில் இன்னும் பல, எல்லாம் ஒரே தடிமன். சாலை போட்ட காலத்தில் லாரியிலிருந்து சிதறியவை. கல் உடைக்கும் இயந்திரமும் அடித்துத்தான் உடைக்கிறது, ஆகவே அதுவும் புடைப்பு உண்டாக்கும். ரயில் பாதையை ஒட்டி நடக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாக நினைவில் வைக்க வேண்டும். ஜல்லியின் உடைந்த முகம் புதிதாக, சாயமேறாமல் இருக்கும். கல் கருங்கல் இனம்.

நெருப்பு அடுத்த ஏமாற்று. சங்கையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காளவாசல்கள் இந்தக் கரையில் இருந்தன. சூட்டில் வெடித்த கல்லிலிருந்து கிண்ணமூடி போன்ற சில்லு பெயரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் அடிபட்ட புள்ளியே இருக்காது. பள்ளத்தின் நடுவிலிருந்தே எல்லாம் தொடங்கும். உப்பும் இதே வேலையைச் செய்யும். கல்லின் நுண்துளைக்குள் புகுந்த உப்புநீர் காய்ந்து படிகமாகும்போது மேல்தோலைத் தள்ளிப் பெயர்த்துவிடும். வாலிநோக்கம் போன்ற உப்பளப் பகுதிகளில் பழைய சுவர்க் கற்களைப் பார்த்தால் இது விளங்கும்.

சங்கு அறுத்த கழிவும் உண்டு. வளையல் அறுத்து எடுத்தபின் மிஞ்சும் துண்டுகள், வெயிலில் வெளுத்து வெள்ளைக் கல்போலவே கிடக்கும். ஓரத்தில் இரம்பம் ஓடிய நேர்கோடு இருக்கிறதா, உட்புறம் சங்கின் சுருள் வளைவு தெரிகிறதா என்று பாருங்கள். பீங்கான் துண்டுகளும் சிப்பி வடிவில் உடையும். பெரியபட்டினம் அகழாய்வில் சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது, ஆகவே பீங்கான் என்றவுடன் நேற்றைய தேநீர்க் கோப்பை என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

இன்னொன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அகேட் அல்லது சிவந்த கார்னீலியன் சில்லு கிடைத்தால் உடனே கற்காலம் என்று துள்ளாதீர்கள். வைகை முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளத்தில், உரோமானியப் பானையோடுகளோடு அரிய கல்மணிகளும் கிடைத்திருக்கின்றன. மணி செய்கிறவரும் கல்லை முதலில் சில்லு சில்லாகப் பெயர்த்துத்தான் உருவம் கொண்டுவருவார். சுற்றிலும் கருப்பு-சிவப்புப் பானையோடு கிடக்கிறதென்றால் உங்கள் சில்லு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மணிக்காரருடையதாக இருக்கலாம். அதுவும் பெருமைக்குரிய கண்டுபிடிப்புதான். வேறு காலம், அவ்வளவே. தொண்டி, கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற பழைய துறைகளுக்கு அருகே, பாய்மரக் கப்பல்கள் அடிப்பாரத்துக்கு ஏற்றிவந்து இறக்கிய வெளியூர்க் கற்களும் கிடக்கக்கூடும்.

அம்மி கொத்துகிறவர் தெருவில் வருவது இப்போது குறைந்துவிட்டது. அவர் கொத்தும்போது கீழே விழுவதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பொடியும் குருணையும்தான் விழும், சில்லு விழாது. கருப்பட்டி இனக் கல்லின் குணம் அது. புதிய கற்காலத்தினர் இந்தக் குணத்தை வேறு வழியில் பயன்படுத்தினார்கள். பெயர்த்து, கொத்தி, பிறகு தேய்த்து வழவழப்பாக்கிக் கோடாரி செய்தார்கள். அப்படிப்பட்ட கோடாரி ஒன்று 2006-இல் மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன்கண்டியூரில் குழி தோண்டும்போது கிடைத்துப் பெரிதாகப் பேசப்பட்டது. அதிலுள்ள குறிகள் சிந்துவெளி எழுத்துதானா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். காவிரியின் வண்டலில் அப்படியொரு கல் இயற்கையாகக் கிடைக்காது, யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. நம் கரையின் கேள்வியும் அதே கேள்விதான்.

ஓரத்தைப் படித்தல்

சில்லு எப்போது கருவியாகிறது? ஓரத்தை மறுபடி செதுக்கியிருந்தால். பனைமட்டையின் கருக்கைப் பார்த்திருக்கிறீர்கள். பல் பல்லாக, நெருக்கமாக, ஒரே சீராக ஓடும். வேண்டுமென்று செதுக்கிய ஓரம் அப்படித்தான் இருக்கும். ஒரே பக்கத்திலிருந்து, ஒரே அளவில், இடைவெளி விடாமல் சிறு தழும்புகள். ஆடு மாடு மிதித்தும் டிராக்டர் ஏறியும் சிதைந்த ஓரத்தில் இங்கொன்று அங்கொன்று, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்தத் தழும்புகளின் நிறமும் புதிதாக, மற்ற முகத்தைவிட வெளிறி இருக்கும். ஒரே துண்டில் இரண்டு நிறம் கண்டால் இரண்டு காலத்து உடைவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நுண்கற்கருவிகள் பெயருக்கேற்பச் சிறியவை. பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும், சுண்டுவிரல் நகத்தளவும் உண்டு. பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவங்கள். ஒரு பக்கம் வெட்டும் கூர்மை, மறுபக்கம் வேண்டுமென்றே மழுக்கிய முதுகு. பேனாக்கத்திக்கு முதுகு இருப்பதுபோல. அந்த முதுகைப் பிசின் வைத்து மரத்திலோ எலும்பிலோ வரிசையாகப் பதித்தால் அம்பு, ஈட்டி, அரிவாள் எதுவும் ஆகும். ஒரு பல் விழுந்தால் இன்னொன்றைப் பதித்துக்கொள்ளலாம். அந்த முதுகைச் செதுக்கிய சிறு தழும்புகளே பிறைவடிவக் கருவிக்குச் சரியான சான்று. தற்செயலாகப் பிறைபோல் உடைந்த சில்லில் அது இருக்காது.

தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையின் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், கிடைத்த இத்தகைய கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்விதழில் 1956-இல் விரிவாக எழுதினார்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்ப்பெயர்கள் உலகத் தொல்லியலுக்குள் அப்போது நன்றாக நுழைந்தன. அந்தத் தேரிகளின் தொடர்ச்சியாகவே நம் மாவட்டத்துச் செம்மணல் திட்டுகளும் இருக்கின்றன. தேரியில் நெடுங்காலம் கிடந்த செர்ட்டில் மண்ணின் இரும்புச் சாயம் ஏறும். கழுவினாலும் போகாத அந்தச் செம்பழுப்பு நல்ல அறிகுறி, ஆனால் தனியாக அது போதாது.

கடல் தாண்டி இலங்கையிலும் பிறை, முக்கோண நுண்கருவிகள் உண்டு. அங்கே பாகியன்குகையில் கிடைத்த நுண்கருவிகள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகள் பழமையானவை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் விரிகுடாவோ பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. தனுஷ்கோடி முனையில் நின்று பார்க்கும் நீர்ப்பரப்பு அன்றைக்கு நடந்து கடக்கும் நிலம். அக்காலத்து வேட்டைக்காரர்கள் உட்கார்ந்த இடங்களில் பல இன்று கடலுக்கடியில் இருக்கின்றன என்ற எண்ணம், அந்த முனையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு போகும். மணல் பறக்கும், கல் பறக்காது. பத்தடி மேட்டின் வெவ்வேறு மட்டங்களில் இருந்த பொருட்கள் எல்லாம் மணல் போகப் போகக் கீழே இறங்கி ஒரே தரையில் சேர்ந்துவிடும். நுண்கருவியும், பானையோடும், பிரிட்டிஷ் காலத்துச் செப்புக்காசும், பாட்டில் மூடியும் ஒரு சாண் இடைவெளியில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கிடப்பதால் ஒரே காலத்தவை ஆகிவிடாது. காலத்தைச் சொல்ல அகழாய்வும் ஆய்வகமும் வேண்டும். சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகத் தோண்டிய பிறகுதான் அங்குள்ள கைக்கோடாரிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் சொல்ல முடிந்தது.

கண்டபின் செய்ய வேண்டியது

தேடுவதற்கு நல்ல காலம் மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை மணலைக் கழுவி அடக்கியிருக்கும், கற்கள் தலைநீட்டி நிற்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில் அலைவரி தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், தடித்த அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். பனங்காட்டிலும் கொல்லையிலும் நுழையும் முன் உரியவரிடம் கேளுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னிடம், "தம்பி, குனிந்தே நடக்கிறீர்களே, ஏதும் தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். சொன்னேன். "வெள்ளைக்கல் துண்டா? மேற்கே அந்த ஒற்றைப் பனைக்குப் பின்னால் நிறையக் கிடக்குமே" என்றார். நான் நாலு மாதம் தேடாமல் விட்ட இடம் அது.

கண்டவுடன் எடுக்காதீர்கள். முதலில் கிடந்தபடியே ஒரு படம். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவு பின்னால் கணக்கிட உதவும். கைபேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். பிறகு எடுத்து உள்முகம், வெளிமுகம், ஓரம் மூன்றையும் படம் எடுத்து, கிடந்த இடத்திலேயே, கிடந்த பக்கமாகவே திரும்ப வையுங்கள். சுரண்டிக் கழுவ வேண்டாம், ஓரத்தில் ஒட்டியிருப்பதே ஆய்வாளருக்குச் சான்றாகலாம்.

திரும்ப வைப்பது எத்தனை கடினம் என்று எனக்குத் தெரியும். அந்தக் காப்பிநிறச் சில்லைக் கீழே வைக்க எனக்குக் கால்மணி நேரம் ஆனது. ஆனால் சில்லின் மதிப்பு அது கிடந்த இடத்தோடு ஒட்டியிருக்கிறது. என் மேசை இழுப்பறையில் அது ஒரு பழுப்புக் கல். மேட்டில் அது ஒருவர் உட்கார்ந்த இடத்தின் ஒரு மூலை. மற்ற மூலைகளை அளக்க வருகிறவருக்கு அது அங்கே இருக்க வேண்டும்.

தோண்டுவதை நினைக்கவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமையில்லை, விற்பதற்கு உரிமம் வேண்டும். மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் நடைமுறையில் உண்டு. கல்லென்று எண்ணிப் பவளத்துண்டை எடுத்துவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் கடுமையான பாதுகாப்பில் இருக்கிறது.

அசல் கருவிகளைக் கண்ணால் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கருவியை அடையாளம் கண்ட இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டியவை அங்கே இருக்கின்றன. அவர் நிலவியலாளர். கூலியாட்கள் சரளை தோண்டி எடுத்த குழியில் பலரும் கண்ணால் பார்த்துக் கடந்துபோன கல்லில், மனிதக் கை பட்டிருப்பதை அவர் பார்த்தார்.

ஒரே இடத்தில் ஐந்தாறு தெளிவான சில்லுகள் கிடைத்தால் படங்களையும் இடக்குறியையும் சேர்த்து, ஒரு பக்கக் கடிதமாக எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்குக் கொடுங்கள். இராமநாதபுரத்தில் இராமலிங்க விலாசம் அரண்மனை அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது, அங்கே விசாரித்தால் யாரிடம் சேர்ப்பது என்று சொல்வார்கள். ஊர்ப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடந்தால் அந்த ஆசிரியரையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். கடிதத்தில் கல் என்ன என்பதைவிட எங்கே, எந்த மண்ணின் மேல், வேறு எவற்றோடு, எந்த நாளில் என்பதை முதலில் எழுதுங்கள். என் காப்பிநிறச் சில்லுக்கான குறிப்பு இப்படித் தொடங்குகிறது: "செம்மணல், காற்றரித்த பள்ளத்தின் வடக்கு ஓரம், உள்முகம் மேலே, அருகே இரண்டு முழத்தில் வெங்கச்சங்கல் துண்டுகள் ஏழு, பானையோடு இல்லை."